மடி கரையேறும் வரை

முதல் இழுப்புக்கு வேண்டிய காசு கையிலேயே இருக்கிறது.
தொடையில், தோளில், முன்னங்கையில்
பத்து எண்ணுவதற்குள் தீர்ந்துபோகிற சில்லறை.
யாரையும் கேட்க வேண்டாம், காற்றைக்கூட.
வாரை இடுப்பில் மாட்டிப் பின்னால் சாய்கிறேன்.
கடல் ஒரு விரற்கடை நகரவில்லை.

சனிக்கிழமை. முகுந்தராயர் சத்திரத்துக்குக் கிழக்கே
வாடை தணிந்த காலை.
மேற்குக் கயிற்றில் பதினோரு பேர், கிழக்கில் பத்து.
எமரிட் வரவில்லை, நேற்று ராத்திரி அவனுக்குச் சம்பளம்.
மற்ற நாள்களில் நான் மண்டபத்து
மீன் ஆராய்ச்சிக்கூடத்தில் சீசா கழுவுகிறவள்.
மேசையோரம் காதில் விழுவதில் பாதி சிந்திவிடும்,
மீதி கையில் ஒட்டும், செதில் போல.

இரண்டாவது நிமிடம்தான் மோசம்.
மூச்சு இன்னும் வந்து சேரவில்லை, கயிறோ நிற்காது.
தசை தன் சர்க்கரையை அரைகுறையாய் எரிக்கிறது,
ஈர விறகு. புகைக்குப் பதில் புளிப்பு.
முழங்காலுக்கு மேலே யாரோ மிளகாய் அரைக்கிறார்கள்.
அந்தப் புளிப்பைக் கழிவென்றுதான் முன்பு நினைத்தார்களாம்.
இல்லையாம், இதயம் அதையே வாங்கித் தின்கிறதாம்.
நேற்றைய சோற்றுத் தண்ணீரை எங்கள் வீட்டில் யார் கொட்டினார்கள்?
இதற்கு ஓர் ஆராய்ச்சி.

பிறகு ஓர் இடம் வரும்.
கால் தானாகப் பின்னால் போகும்.
நெஞ்சு கேட்கிற அளவு காற்று,
காற்று வருகிற அளவு இழுப்பு.
கல்லீரல் தன் பானையைத் திறந்துவிட்டது.
இடுப்புக் கொழுப்பு துபாய்ப் பணம் மாதிரி:
நிறைய உண்டு, வந்து சேரத்தான் நேரமாகும்.

பாம்பன் ஏலத்தில் ஒரு நூறு ரூபாய்த் தாளைப் பார்த்திருக்கிறேன்,
மூலையில் நீல மை.
ஏலக்காரரிடமிருந்து இன்னாசிக்கு, இன்னாசியிடமிருந்து ஐஸ் வண்டிக்கு,
டீக்கடைக்கு, ஆட்டோவுக்கு,
மத்தியானத்துக்குள் மறுபடியும் ஏலக்காரர் சட்டைப்பையில்.
உடம்புக்குள்ளும் அப்படித்தான்.
எந்த நேரமும் ஒரு பிடிதான் இருப்பு.
அதே பிடி உடைந்து, கூடி, உடைந்து
ஒரு நாளில் என் எடை அளவுக்குக் கைமாறிவிடுகிறது.
ஐம்பத்தெட்டு கிலோ.
பணக்காரி என்று யாரும் சொல்லப்போவதில்லை.

எரிவதில் நாலுக்கு மூன்று பங்கு வெறும் சூடு.
கயிற்றுக்குப் போவது ஒன்றே ஒன்று.
மீதியை முதுகு வழியாக இந்தக் காற்றுக்குக் கொடுக்கிறேன்,
அத்தனை உப்பு இருக்கிற கடலோரத்தில்
இன்னும் கொஞ்சம் உப்போடு.
"கரைஞ்ச கொழுப்பு எங்கடி போவுது?" பெர்னதெத் கேட்டாள்.
"பாதிக்கு மேல வாய் வழியாத்தான். மூச்சா."
"அப்ப நீ பேசிப்பேசியே துரும்பா இளைச்சிருக்கணுமே."
சிரித்ததில் இரண்டு முழக் கயிறு விட்டுப்போயிற்று.
முன்னால் நின்றவர் திட்டினார்.

மடி தெரிகிறது.
தண்ணீர் கொதிக்கிற மாதிரி சூடையும் காரலும்.
அங்கேயும் இதே கணக்கு.
வெள்ளைச் சதை முதல் துள்ளலுக்கு,
விலாவோரச் சிவப்பு நெடுந்தூரத்துக்கு.
சில்லறை தீர்ந்து, சர்க்கரை தீர்ந்து,
கயிற்றின் அந்த முனையில் அதன் புளிப்பு,
இந்த முனையில் என்னுடையது.
ரொம்பத் துடித்த மீன் சீக்கிரம் கெடும் என்று
ஆறாம் மேசை நோட்டில் எழுதியிருக்கிறது.
ரொம்ப இழுத்தவளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

என் பங்கு இரண்டு கிலோ சூடை, நூற்றெண்பது ரூபாய்.
வாரைக் கழற்றிய பிறகும் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது,
காலையில் வாங்கிய கடனுக்கு.
உள்ளங்கையில் ஒரு பாரைக்குஞ்சு.
வால் அடிக்கிறது, நிற்கிறது, அடிக்கிறது.
முன்னங்கையும் நடுங்குகிறது.
எது எதை ஆட்டுகிறதென்று தெரியவில்லை.

"கூடையைப் பிடிடி" என்கிறாள் பெர்னதெத்.
பிடிக்கிறேன்.
பத்து எண்ணுகிற அளவுக்குச் சில்லறை
எப்படியோ அதற்குள் சேர்ந்திருக்கிறது.